பாதிப் பாடம்

பிலிப்பைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். விதி என்பார்கள், சாராயம் என்பார்கள், மார்கிறட்டின் வாய்தான் காரணம் என்பார்கள். அதெல்லாம் வெறும் கதை. கதிரவெளியில் தாய் வீட்டில் கிடந்தவனைத் தேடிப்போய், அவனுடைய தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தை என் கையாலேயே பிடித்து, தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து அவள் வாசலில் இறக்கினேன்.

என் பெயர் பேர்னாட். பனிச்சங்கேணிக்கு இப்பால், வாவிக்கரையில், முப்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. பங்குப் பாதிரியாரான சுவாமி மாதத்தில் ஒரு தடவைதான் பூசைக்கு வருவார். மிச்ச நாட்களில் கோயில் கதவுத் திறப்பு என் இடுப்பில் தொங்கும். மணி அடிப்பது, செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது, கலியாணம் பேசி முற்றானவர்களை இருத்தி வைத்து மெய்விவாகம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்துவது, எல்லாம் உபதேசியாரான என் தலையில். பதினெட்டு வருஷம் செய்தேன். என்னைக் கண்டால் பெரிய மனிதர்களும் சுருட்டை ஒளிப்பார்கள். அதில் எனக்குப் பெருமை. கோபக்காரன் என்று பெயர். அதிலும் எனக்குப் பெருமைதான், வெட்கக்கேடு.

மார்கிறட்டுக்கும் பிலிப்புக்கும் கலியாணப் பாடம் சொன்னவனும் நானே. மூன்று பின்னேரம் கோயில் வாங்குப் பலகையில் இருத்திச் சொன்னேன். புருஷன் பெண்சாதிக்குத் தலை, சேசுநாதர் திருச்சபைக்குத் தலையாக இருப்பதுபோல. திருச்சபை அவருக்கு எப்படிக் கீழ்ப்படிகிறதோ, பெண்சாதி புருஷனுக்கு அப்படிக் கீழ்ப்படிய வேண்டும். கலியாணம் மனிதர் செய்யும் ஒப்பந்தம் அல்ல, ஆண்டவரின் நேசத்துக்கு அது ஒரு சாயல். இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். எனக்குப் பிடித்த பாடம் அது. பிலிப்பைப் பார்த்து, "நீ அன்பா வெச்சிரு" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான்.

மார்கிறட் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "தலை பிழை விட்டா என்ன செய்யிற?"

"தலைக்காகச் செபம் பண்ணு," என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினேன். கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லிவிட்டேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடும் தலையணையோடும் பெண் வீட்டுக்கு வந்து சேருவான். மார்கிறட்டின் தாய் தகப்பன் அவளுக்கென்று கட்டிய வீடு அது. கிடுகுக் கூரை, மண் சுவர், முன்னால் கிணறு, வேலி வாசலான கடப்படியில் ஒரு பூவரசு, அதற்கு அப்பால் வாவி. அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக நெருப்புக் காய்ச்சலில் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த வளவு மட்டுந்தான்.

ஆறு மாதத்தில் அடி தொடங்கியது. முதலில் கன்னம். பிறகு மீன் கூடையால் முதுகு. ஒரு முறை அவளுடைய இடது கைச் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கி முறித்தான், காய்ந்த ஒடியல் கிழங்கை முறிப்பதுபோல. இறால் விற்ற காசைத் தம்பிமாருக்குக் கொடுத்தாளாம். அவளுக்குத் தம்பியே இல்லை. அடிச் சத்தம் கேட்டால் பக்கத்து வளவில் கதவைச் சாத்துவார்கள். அடுத்த நாள் கிணற்றடியில் அவளைப் பார்த்து, "என்ன மார்கிறட், கண் வீங்கியிரிக்கு?" என்று கேட்பார்கள். தெரியாமலா கேட்பார்கள். நானும் கேட்டேன். "பொறுமையா இரி மகள், திருச்சபை எவ்வளவு வேதகலாபனை பட்டது," என்று புத்தியும் சொன்னேன்.

நாலாம் மாதத்துப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அவன் அவளை உதைத்தான். என் பெண்சாதி செபஸ்தியம்மாதான் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய சேலை முழங்காலுக்குக் கீழே சிவப்பாக இருந்தது. சீலைத் துண்டில் சுற்றி ஏதோ கொண்டுவந்தாள். "குழி தோண்டுங்க மச்சான்," என்றாள். மார்கிறட்டின் கடப்படிப் பூவரசுக்குக் கிட்டத் தோண்டினேன். செபஸ்தியம்மா அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பத்தாம் நாள், பிலிப்பு வலைக்குப் போன நேரம், மார்கிறட் அவனுடைய தகரப் பெட்டியையும் தலையணையையும் தூக்கி வெளியே ஒழுங்கையில் வைத்துவிட்டுக் கடப்பைக் கயிற்றால் கட்டினாள். அவன் வந்து பார்த்தான். வேலிக் கம்பு மூன்றைப் பிடுங்கி எறிந்தான். உள்ளே காலை வைத்தபோது அவள் நெல் அவித்துக்கொண்டிருந்த கிடாரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி, கொதிநீரை அவன் கால்களில் ஊற்றினாள். முழங்காலிலிருந்து பாதம் வரை தோல் உரிந்தது. அவன் போட்ட சத்தத்துக்கு ஊரே வெளியே வந்தது. தன் சொந்த வாசலில் இப்படிச் செய்தவளை ஒரு பொம்பிளை என்று சொல்லலாமா என்று எல்லாரும் ஆத்திரப்பட்டார்கள். பிலிப்பு நொண்டி நொண்டித் தோணி ஏறிக் கதிரவெளிக்குப் போனான்.

ஒன்றரை வருஷம் அவள் நிம்மதியாக இருந்தாள். வீச்சு வலையின் கிழிசல் பொத்தினாள், கூடை இழைத்தாள், தோணியில் தனியாகப் போய் நண்டு பிடித்தாள். மெலிந்திருந்த தேகம் சதை வைத்தது. அவளைக் கண்டு பொறாமைப்பட்ட பெண்களும் ஊரில் இருந்தார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. பூசையில் சுவாமி கொடுக்கும் அப்பத்தை, அந்த நன்மையை, வாங்க முடியவில்லை. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குக் காலத்தில் ஊர் முழுக்கப் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கும்போது அவள் கடைசி வாங்கில் முக்காட்டோடு இருப்பாள். புருஷனைத் துரத்தியவளுக்கு நன்மை இல்லை என்று அவளிடம் சொன்னது நான். சுவாமியே சொன்ன மாதிரித்தான் சொன்னேன். உண்மையில் சுவாமியிடம் நான் கேட்கவே இல்லை. எனக்குத் தெரியாத சட்டமும் ஒன்று இருக்குமா என்ற நினைப்பு. "நான் ஒருக்கா சுவாமியிட்டக் கேட்கட்டா?" என்று இரண்டு மூன்று முறை வந்து நின்றாள். "சுவாமிக்கு உன்ட வீட்டுக் கதை கேட்கவா நேரம்?" என்று அதட்டி அனுப்பினேன்.

அறுபத்திமூன்றாம் ஆண்டு, பாஸ்குவுக்கு முந்திய தவசு காலத் தொடக்கத்தில் புதிதாக வந்த கிறகோரி சுவாமி ஒரு கடிதம் எழுதினார். எந்தெந்தக் குடும்பம் பாஸ்குவுக்கு நன்மை வாங்கும், எது வாங்காது, ஏன் வாங்காது என்று பட்டியல் அனுப்பும்படியும், பிரிந்திருப்பவர்களைச் சமாதானப்படுத்தப் பார்க்கும்படியும். எங்கள் ஊர்ப் பட்டியலில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. புதுச் சுவாமிக்கு முன்னால் என் ஊரில் ஓட்டையா? அடுத்த நாளே சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

துறையில் கந்தப்போடியைக் கண்டேன். எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் வட்டையில் வயல் செய்கிற மனிதர், சைவ சமயத்தவர். எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உபதேசியார், ஆளை முட்டிக் குடலெடுத்த மாட்டை வித்துப்போட்டு, மறுகா காசு குடுத்து வாங்கிவருவீங்களா?"

"அது மாடு. இது மெய்விவாகம். உங்களுக்கு விளங்காது போடியார்," என்றேன். எனக்குச் சரியான கோபம்.

பிலிப்பு கதிரவெளிக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். கால்களில் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. என்னைக் கண்டதும் முழங்காலில் விழுந்தான். என் கையிலிருந்த செபமாலையைப் பிடித்து முத்தமிட்டான். "நான் மிருகமா இருந்தநான் உபதேசியார். இனித் தொடமாட்டன். அந்தோனியார் அறிய," என்று அழுதான். கண்ணீர் உண்மையான கண்ணீர்தான். இன்றைக்கும் அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அடிக்கிறவனுக்கும் அழவரும் என்பது அன்று எனக்குத் தெரியாமல் போனது.

மார்கிறட் கடப்படிக்கு உள்ளே நின்றாள். கயிற்றை அவிழ்க்கவில்லை. அவனைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

"இவர் உள்ள வந்தா எனக்கு நன்மை தருவாங்களா?"

"ஓம்."

"அடிச்சா நீங்க பொறுப்பா?"

"ஓம். நான் பொறுப்பு," என்றேன். எவ்வளவு லேசாக வந்தது வாயில்.

அவள் முடிச்சை அவிழ்க்க நிறைய நேரம் எடுத்தாள்.

ஆறு கிழமை அவன் சொக்கத் தங்கம். தண்ணீர் அள்ளினான், கூரை வேய்ந்தான், பெரிய வெள்ளியன்று சிலுவை தூக்கினான். பாஸ்குப் பூசையில் இரண்டு பேரும் ஒன்றாக வந்து முழந்தாளிட்டார்கள். நன்மை வாங்கிவிட்டுத் திரும்பும்போது மார்கிறட்டின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் மூடியிருந்தன. பசியில் கிடந்த பிள்ளைக்குப் பால் கிடைத்த முகம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதோ ஆண்டவருடைய நேசத்தின் சாயல், இதைச் சேர்த்து வைத்தவன் பேர்னாட், என்று மனதுக்குள் என்னையே தட்டிக்கொடுத்தேன். கிறகோரி சுவாமியும் என் பட்டியலைப் பார்த்து நல்ல வார்த்தை சொன்னார்.

அடுத்த நாள் திங்கட்கிழமை மத்தியானம். செபஸ்தியம்மா நண்டுக்கறி ஆக்கியிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டு வளவு தள்ளிச் சத்தம் கேட்டது. முதலில் சட்டி உடைந்தது. பிறகு அவனுடைய குரல். பிறகு மரம் சதையில் படுகிற சத்தம். ஒருமுறை கேட்டவனுக்கு அது மறக்காது.

"மச்சான், கேட்குதா?"

"கேட்குது."

"எழும்புங்க."

"புருஷன் பெண்சாதி விஷயம். கொஞ்சத்தில அடங்கிரும்," என்றேன்.

அவள் கறி பிசைந்த கையோடு எழும்பி ஓடினாள். நான் இன்னும் இரண்டு பிடி சோறு சாப்பிட்டேன். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், மன்னிப்பும் கிடைத்துவிட்டது. ஆனாலும் நண்டுக்கறி அதற்குப் பிறகு என் தொண்டைக்குள் இறங்கியதில்லை.

நான் போனபோது மார்கிறட் கிணற்றடியில் முழந்தாளில் இருந்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். விரல்களுக்கிடையால் இரத்தம் முழங்கை வரை வழிந்து, கிணற்றுக் கட்டில் சொட்டியது. செபஸ்தியம்மா அவள்மேல் கவிழ்ந்து கிடந்தாள். பிலிப்பு துடுப்பை ஓங்கி என் பெண்சாதியின் முதுகில் ஒன்று வைத்தான். அதை நான் என் கண்ணால் கண்டேன். பெருநாள் குடி, கண் சிவந்து நின்றான். என்னைக் கண்டதும் துடுப்பைத் தாழ்த்திச் சிரித்தான்.

"உபதேசியாரும் வந்திட்டார். இவரிட்டக் கேளு. என்ட பெட்டியை ஒழுங்கையில போட்டநீ என்னா? இப்ப ஆர் என்னைக் கொண்டுவந்து விட்டது? கோயில் கொண்டுவந்து விட்டது. இனி ஆர் என்னை வெளிய போடுற? சொல்லுங்க உபதேசியார், நான்தானே தலை?"

 பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பிரம்பால் விளாசுகிற என் கை, இடுப்பில் இருந்த கோயில் திறப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றது. அவன் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்து, தோணியைத் தள்ளிக்கொண்டு போனான்.

"கையை எடுகா, பார்ப்பம்," என்றாள் செபஸ்தியம்மா. மார்கிறட் கையை எடுத்தாள். வலது கண் இருந்த இடத்தில் கண் இல்லை.

கந்தப்போடிதான் வண்டில் கட்டினார். துறை வரை வண்டில், பிறகு மீன் லொறி. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமட்டும் மார்கிறட் அழவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் செபஸ்தியம்மாவின் தொடையில் நகத்தை மட்டும் பதித்தாள். என் பெண்சாதியின் தொடையில் அந்தத் தழும்புகள் இருக்கின்றன. 

மூன்றாம் நாள் கிறகோரி சுவாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். விறாந்தையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நன்மைக்காகத்தான் அவள் அவனை உள்ளே விட்டாள் என்று சொன்னபோது அவர் நடப்பதை நிறுத்தினார்.

"ஆர் சொன்னது, அவனை உள்ள விடாட்டி நன்மை இல்லையெண்டு?"

"நான்தான் சுவாமி. சட்டம் அப்படித்தானே?"

"அடிச்சுக் கொல்லுறவனை விட்டு விலகி இரிக்கச் சட்டமே இடம் குடுக்குது. வேற கலியாணம் கட்டத்தான் ஏலாது. அந்தப் பிள்ள என்னட்ட வந்திருந்தா, அவனைக் கூப்பிடாமலே நான் நன்மை குடுத்திருப்பன்."

 சுவாமி விடவில்லை. "கலியாணப் பாடத்தில என்ன சொல்லிக் குடுக்கிறீங்க?" என்று கேட்டார். ஒப்புவித்தேன். தலை, கீழ்ப்படிவு, சாயல்.

"மிச்சம்?"

"மிச்சம் என்ன சுவாமி?"

அவருக்கும் கோபம் வரும் என்று அன்று கண்டேன். முகம் சிவந்துவிட்டது. "சேசுநாதர் என்ன செஞ்சு தலையானவர்? திருச்சபையைப் போட்டு அடிச்சா? அவளுக்காகத் தன்ட உசிரைக் குடுத்தவர். அவளுக்குப் படவேண்டியதைத் தான் பட்டவர். புருஷனுக்குச் சொன்ன பாடம் அதுதான் உபதேசியார். பாரமான பாதி அது. அதை விட்டுப்போட்டு, பொம்பிளைக்குச் சொன்னதை மட்டும் பதினெட்டு வருஷம் சொல்லியிரிக்கீங்க."

எனக்கு அந்தப் பாதி தெரியாதென்று சொன்னால் பொய். தெரியும். வாசித்திருக்கிறேன். ஆம்பிளைகளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம்.

உள்ளே போய் மார்கிறட்டிடம் நானே சொன்னேன். கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பி மிச்சக் கண்ணால் பார்த்தாள்.

"அப்ப நான் கடைசி வாங்கில இருந்தது?"

"என்னால."

"இவர் வந்தது?"

"அதுவும் என்னால."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "போங்க," என்றாள். அன்று பின்னேரம் சுவாமி அவளுக்கு நன்மை கொடுத்தார். நான் வார்டுக்கு வெளியே நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு செபஸ்தியம்மா என்னோடு பேசாமல் இருந்தாள். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் என்ன, பிலிப்பா?" என்று கத்தினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"எங்கட மகள் அஞ்சலா பிறந்து முப்பத்தோராம் நாள், தண்ணி சூடில்லையெண்டு என்ட கன்னத்தில அடிச்சநீங்க. நான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் இருந்தநான். நீங்க வந்து, இது கோயில் பூட்டுற நேரம், எழும்பெண்டீங்க. நான் எழும்பி வந்தநான். அவ்வளவுதான் மச்சான் வித்தியாசம். எனக்கு ஒரு அடி, அவளுக்கு நூறு."

சுளகை எடுத்துத் திரும்பவும் புடைக்கத் தொடங்கினாள். நான் அதை மறந்தே போயிருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

மார்கிறட் வீடு திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். மீன் எடுக்க வருகிற சாலிஹ் ஒரு சேதி கொண்டுவந்தார். பிலிப்பு ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். தன் வீட்டுக்குத் தான் போகத் தடை சொல்ல எவன் இருக்கிறான் என்று கதிரவெளிக் கரையில் நின்று சொன்னானாம். ஊரில் நாலு பேரிடம் போய்ச் சொன்னேன். மத்தேயுவிடம் சொன்னேன். அவன் நல்ல பலசாலி, பிலிப்பை ஒரு கையால் தூக்கக்கூடியவன். "அது அவங்கட குடும்பக் கதை, நாங்க தலைபோட்டா நாளைக்கு ரெண்டு பேரும் சேந்திருவாங்க. மறுகா நாங்கதான் கெட்டவங்க," என்றான். நான் ஊருக்குப் படிப்பித்தது அதுதானே. அவனை என்னவென்று பேசுவது?

ஞாயிறு காலைச் செபம் முடிந்ததும் ஒரு காட்டுத்தடியை எடுத்துக்கொண்டு மார்கிறட்டின் கடப்படியில் போய் இருந்தேன். சாந்தமாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன். அவனுடைய மண்டையை உடைப்பதென்ற நினைப்போடுதான் இருந்தேன். மார்கிறட் வந்து பார்த்தாள்.

"என்னத்துக்கு வந்தநீங்க?"

"பொறுப்பெண்டு சொன்னநான்."

"இப்ப என்ன பொறுப்பு," என்றாள். ஆனால் போகச் சொல்லவில்லை. கடப்பை உள்ளே இருந்து கட்டிவிட்டுப் போனாள்.

வெயில் ஏறிய பிறகு அவன் வந்தான். தோணியை இழுத்துக் கரையில் போட்டுவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு நேரே வந்தான். அந்தப் பக்கம் புளிமரத்தடியில் மத்தேயுவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வலை பொத்திக்கொண்டு இருந்தார்கள். அவனைக் கண்டார்கள். யாரும் எழும்பவில்லை.

"வழிவிடுங்க உபதேசியார்."

"இது உன்ட வீடில்ல."

"நீங்கதானே கூட்டிக்கொண்டு வந்தநீங்க?"

"ஓம். நான்தான். அதனாலதான் நிக்கிறன்," என்று தடியை ஓங்கினேன். பிறகொரு நாள் கிறகோரி சுவாமி பூசையில் என்னைப் பற்றிச் சொன்னார், மந்தைக்காகத் திருப்பி அடிக்காமல் அடி வாங்கியவன் என்று. அது சரியில்லை. நான் ஓங்கினேன். அவன் முந்திவிட்டான், அவ்வளவுதான். துடுப்பு என் இடது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தடி எங்கோ போய் விழுந்தது. அடுத்த அடி விலாவில். மூச்சு நின்றது. கடப்புக் கம்பை வலக்கையால் கட்டிப் பிடித்துக்கொண்டேன். காது, தோள், முதுகு. முன்பல் இரண்டும் நாக்கில் வந்தன. துப்பினேன். அவன் என் விரல்களைத் துடுப்பின் அடியால் குத்திக் கம்பிலிருந்து பிரிக்கப் பார்த்தான். விரல்கள் நசிந்தன. விடவில்லை. அது தைரியம் இல்லை. விட்டால் உள்ளே போவான், அந்த மற்றக் கண்ணும் போய்விடும் என்ற ஒன்றைத் தவிர என் தலைக்குள் வேறு எதுவும் இருக்கவில்லை. முழந்தாளில் விழுந்தேன். அவன் என் தலையில் காலை வைத்து மிதித்தான். வாய்க்குள் மணலும் இரத்தமும். ஒவ்வொரு அடிக்கும் எனக்குத் தெரிந்தது, இது அவள் நாலு வருஷம் வாங்கியது என்று. கன்னத்தில் ஒன்று விழுந்தபோது செபஸ்தியம்மாவை நினைத்தேன்.

அப்போதுதான் வேலி முறிந்தது. "டேய், உபதேசியாருக்கு அடிக்கிறான்டா," என்று யாரோ கத்தினார்கள். புளிமரத்தடி முழுக்க எழும்பி வந்துவிட்டது. பக்கத்து வளவிலிருந்து வேலி பாய்ந்தார்கள். வயலிலிருந்து கந்தப்போடி மண்வெட்டியோடு ஓடிவந்தார். மத்தேயு பிலிப்பைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கி மணலில் அறைந்தான். துடுப்பு இப்போது இன்னொருவன் கையில். காலால், கட்டையால், கல்லால். பிலிப்பு முதலில் திட்டினான், பிறகு கெஞ்சினான், பிறகு அம்மா என்றான். அவனுடைய காது கிழிந்து தொங்கியது. கொன்றிருப்பார்கள். எனக்கு, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

மார்கிறட் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தாள். "விடுங்க," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது நிறுத்தினார்கள். வேர்த்து, மூச்சு வாங்கி, இரத்தக் கையோடு, ஒரு நல்ல காரியம் செய்த முகத்தோடு அவளைப் பார்த்து நின்றார்கள். முறிந்த வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்கள். பிலிப்பு அவர்களுடைய காலடியில் சுருண்டு கிடந்து முனகினான்.

"உபதேசியாருக்கே கை வெச்சிட்டான், மார்கிறட். பார்த்துக்கொண்டு இரிக்க ஏலுமா?" என்றான் மத்தேயு.

அவள் அந்த ஒரு கண்ணால் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை. என்னையும் பார்த்தாள்.

"இவ்வளவு பேரும் இந்த ஊரிலதான் இருந்தநீங்களா?" என்று கேட்டாள்.

 மத்தேயு கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான். கந்தப்போடி மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எங்கள் எல்லாரையும் வெளியே விட்டுவிட்டு, உள்ளே போய்க் கடப்பைச் சாத்திக் கட்டினாள். செபஸ்தியம்மா வந்து என்னைத் தூக்கினாள். பிலிப்பு அதற்குப் பிறகு இந்தக் கரைக்கு வரவில்லை. மார்கிறட் கேட்டதற்கு ஊரில் ஒருவரும் இன்றுவரை பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.